எஸ்ஐஆர்என்ஏ கொண்டு மரபணுவை அடக்குதல்: 24 குழித் தட்டுக்கான செய்முறை

எஸ்ஐஆர்என்ஏ என்பது, நாம் தேர்ந்தெடுத்த மரபணுவை அடக்க உதவும் குட்டி ஆர்என்ஏ. 21 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் எழுத்து) நீளமுள்ள இரட்டை இழை எஸ்ஐஆர்என்ஏ, செல்லுக்குள் போனதும் ஆர்கோநாட் புரதத்தில் ஏறிக்கொள்ளும். ஓர் இழை கழன்றுவிடும். மிஞ்சிய வழிகாட்டி இழை தனக்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யப் பயன்படும் மரபணு நகல்) பிடிக்க, ஆர்கோநாட்-2 அதை வெட்டும். வெட்டுப்படுவது எம்ஆர்என்ஏ மட்டுமே. டிஎன்ஏவும், ஏற்கெனவே உருவான புரதமும் அப்படியே இருக்கும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகையான ஹீலா செல்களை முந்தின நாளே குழிக்கு 500 மைக்ரோலிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் விதையுங்கள். மறுநாள் குழியின் தரையில் 50 முதல் 60 சதவீதம் மூடியிருந்தால் போதும். ஆன்டிபயாட்டிக் சேர்க்க வேண்டாம். எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட்டோடு (கொழுப்பு) சேர்ந்து அதுவும் உள்ளே நுழைந்து செல்லைக் கொல்லும்.

2 மைக்ரோமோலார் எஸ்ஐஆர்என்ஏவில் 3 மைக்ரோலிட்டரை, சீரம் இல்லாத ஊடகம் 50 மைக்ரோலிட்டரில் கலக்குங்கள். இன்னொரு குழாயில் அதே அளவு ஊடகத்தில் 1 மைக்ரோலிட்டர் லிப்போஃபெக்டமைன் ஆர்என்ஏஐமேக்ஸ் (அந்த லிப்பிட் இதுதான்). இரண்டையும் சேர்த்து 10 முதல் 15 நிமிடம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழியில் சுமார் 10 நானோமோலார் நிற்கும். பலன் இல்லையென்று 100 நானோமோலாருக்குத் தாவாதீர்கள்: வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் மட்டும் பொருந்தும் வேறு மரபணுக்களும் அடங்கத் தொடங்கும்.

கத்திரி வெயிலில் காட்பாடிக்கோ பாகாயத்துக்கோ பார்சல் சூடாக வந்து சேர்ந்தால் பதற வேண்டாம். உலர்ந்த எஸ்ஐஆர்என்ஏ அதைத் தாங்கும். கரைத்த பிறகுதான் கவனம் தேவை. வியர்த்த விரலில் இருக்கும் ஆர்என்ஏஸ் என்ற நொதி அதைத் தின்றுவிடும், ஆகவே கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். லிப்பிட்டை 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்துக் கெடுப்பவர்கள்தான் அதிகம். செய்முறைத் தாள் சொல்லும் 'அறை வெப்பநிலை' 25 டிகிரிக்குள். மே மாத வேலூர் அறை அல்ல!

எம்ஆர்என்ஏவை 24 முதல் 48 மணி நேரத்தில் கியூபிசிஆரில் (அளவைக் காட்டும் பிசிஆர்) பாருங்கள். சிடி மதிப்பு (சைகை தெரிய எத்தனை பிசிஆர் சுற்று ஆனது என்பது), நிலையான ஒரு மரபணுவோடு சரிசெய்த பின், ஒப்பீட்டுக் குழியைவிட 2 கூடியிருந்தால் 75 சதவீதம் குறைந்திருக்கிறது. புரதத்துக்கு 48 முதல் 72 மணி நேரம் வேண்டும். நீண்ட ஆயுள் புரதமென்றால் இன்னும் ஒருநாள் கூடும், ஏனென்றால் பழைய புரதம் சிதைந்தால்தான் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்கும். எம்ஆர்என்ஏ விழுந்தும் புரதம் குறையவில்லையா? எஸ்ஐஆர்என்ஏவைக் குறை சொல்லுமுன் நேரத்தைச் சந்தேகியுங்கள்.

ஒப்பீட்டுக்கு மூன்று குழி வேண்டும்: எந்த மரபணுவுக்கும் பொருந்தாத எஸ்ஐஆர்என்ஏ ஒரு குழி, லிப்பிட் மட்டும் ஒரு குழி, எதுவும் சேர்க்காதது ஒரு குழி. இவை இல்லாத சோதனையைச் செய்யாமலே இருக்கலாம். இலக்கு மரபணுவுக்கும் வெவ்வேறு இடங்களில் பொருந்தும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏ தேவை. இரண்டும் எம்ஆர்என்ஏவைச் சமமாகக் குறைத்தும் ஒன்றில் மட்டும் செல் மாறினால், அந்த மாற்றத்துக்கு இலக்கு மரபணு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.