'டைப்' என்று பெயர் வைத்தால் கம்பைலர் ஏன் மறுக்கிறது?

கோட் எல்லாம் சரியாகவே இருக்கும், மாறிக்கு (வேரியபிள்) வைத்த பெயர் ஒன்று மட்டும் தடுக்கும். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைப் பழகுபவர்கள் பலரும் இதில் மாட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்வதைப் பார்ப்போம். கோட் வரிகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: ஹாஸ்கெலை வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஜிஎச்சிஐ-யைத் திறந்து இதை அடியுங்கள்.

லெட் டைப் = 5

'பார்ஸ் எரர் ஆன் இன்புட் டைப்' என்று வரும். கூடவே 1:5 என்று இருக்கும்: முதல் வரி, ஐந்தாவது எழுத்து. எண்ணிப் பாருங்கள், 'டைப்' தொடங்குவது அங்கேதான். பார்ஸ் எரர், அதாவது கோடின் அமைப்பு புரியவில்லை என்ற பிழை, ஒரு பெயரின் மேலேயே வந்து நின்றால், முதலில் அந்தப் பெயரைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: அது ஒதுக்கப்பட்ட சொல்லா, அதாவது மொழி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொண்டதா என்று பாருங்கள். ஹாஸ்கெலில் டைப், டேட்டா, கிளாஸ், டிஃபால்ட், இன், ஆஃப், மாட்யூல் எல்லாம் அப்படித்தான். மொழி மாறினால் பட்டியலும் மாறும். ஓகேமல் மொழியில் மாறிக்கு 'ஃப்ரம்' என்று பெயர் வைக்கலாம், 'வரை' என்று பொருள்படும் 'டூ' என்று வைக்க முடியாது. அது ஃபார் லூப்புக்குப் போய்விட்டது. ஹாஸ்கெலில் இரண்டுமே வைக்கலாம்.

படி 3: பெயரை மாற்றுங்கள். ஹாஸ்கெலிலும் ஓகேமலிலும் கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும்: டைப்' என்பது செல்லுபடியாகும் பெயர். ஸ்காலா மொழியில் பெயரின் இருபுறமும் ஒரு பேக்டிக் (` குறி), எஃப்-ஷார்ப் மொழியில் இரண்டிரண்டு. முதல் எழுத்தைப் பெரியதாக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஹாஸ்கெல் அதை மதிப்புகளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் என்று எடுத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், குறி போடுவதைவிட அக்கவுண்ட், டைப் இரண்டையும் சேர்த்து எழுதுவது போல விவரமான பெயரே நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அது என்னவென்று தெரியும். ஜேசான் என்ற தரவு வடிவத்தில் 'டைப்' என்றே புலம் வந்தால்? ரெக்கார்டில் டைப்' என்று வைத்து, ஜேசானைக் கையாளும் ஏசான் நூலகத்தின் ஃபீல்ட்லேபிள்மாடிஃபையரில் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.

படி 4: லெங்த், மேப், ஐடி ஆகியவை ஹாஸ்கெலோடு தயாராக வரும் ஃபங்ஷன்கள், ஒதுக்கப்பட்ட சொற்கள் அல்ல. அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் 'லெட் லெங்த் = 10' என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் கீழே எங்கோ ஒரு லிஸ்ட்டின் நீளத்தைக் கேட்கும்போது 10 என்ற எண்ணையே ஃபங்ஷனாக அழைத்துவிடுவீர்கள். வரும் எரர் தரவு வகையைப் பற்றிப் பேசும், பழைய பெயரை நீங்கள் மறைத்துவிட்டதைப் பற்றி மூச்சே விடாது. கம்பைல் செய்யும்போது '-டபிள்யூஆல்' தேர்வைச் சேருங்கள். பெயர் மறைக்கப்பட்ட வரியை எச்சரிக்கையாகக் காட்டிவிடும்.