இறால் வளர்ப்புக்கு அரசு உதவி வாங்க எங்கே தொடங்குவது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் வளர்க்கிற பலரும் முதலில் கேட்பது மானியத்தைத்தான். ஆனால் அதற்கு முன்னால் பதிவு வேண்டும். 2005 சட்டப்படி, சென்னையிலுள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணை பதிவாகியிருக்க வேண்டும், குத்தகை நிலமாக இருந்தாலும் சரி. பட்டா, குத்தகைப் பத்திரம், வரைபடம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள், விண்ணப்பம் கொடுத்த கையோடு ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மானியம். 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலகுச் செலவில் (ஒரு குளம் போன்ற ஒரு அலகுக்கு அரசு கணக்கிடும் செலவு) பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். பணம் பொதுவாக வேலை நடந்த பிறகுதான் வரும் என்பதால் கைமுதல் இல்லாமல் குளம் வெட்ட இறங்காதீர்கள், மண் அள்ளுவதிலிருந்து ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) வரைக்கும் ரசீதையும் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

தீவனத்துக்கு வட்டிக்கு வாங்குவதுதான் நம் ஆட்களை அழிக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு மீன்வளத்துக்கும் உண்டு. 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 தான்.

குஞ்சு வாங்கும்போது பையில் துறுதுறுவென்று ஓடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள், வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் பிசிஆர் சோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகே குளத்தில் விடுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஏற்றுமதிக்குப் போகிற இறால் என்றால் அறுவடைக்கு முன்பே எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) ஆய்வகத்தில் ஆன்டிபயாடிக் சோதனைக்கு மாதிரி கொடுத்துவிடுங்கள்.