திருமண ஆல்பம் ஷீட்: ஒவ்வொரு படத்தையும் தனித்தனி லேயரில் அடுக்கும் முறை

வடிவமைத்த ஆல்பம் ஷீட் முதல் பார்வையிலேயே ஒப்புதலாகிவிடுவது அரிது. "அம்மி மிதிக்கிற படத்துல அத்தை முகம் மறையுது, வேற போடுங்க" என்பார்கள். "தாலி கட்டுற படம் இன்னும் பெரிசா வேணும்" என்பார்கள். படங்களை வெட்டி ஒரே லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கில்) ஒட்டியிருந்தால் அந்த ஒரு வாக்கியத்துக்காக ஷீட்டையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கட்டம் ஒரு லேயர், அதற்குள் தெரியும் படம் இன்னொரு லேயர் என்று பிரித்து வைத்திருந்தால் அதே திருத்தம் ஒரு நிமிட வேலை. கீழே உள்ளதெல்லாம் இந்தப் பிரிவினையைச் சுற்றியே நடக்கிறது. விளக்கம் போட்டோஷாப்புக்கானது. கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கான மாற்றங்கள் பின்னால் இருக்கின்றன.

அளவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக 12×36 அங்குல ஷீட்டை வைத்துக்கொள்வோம். 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் அகலம் 10800 பிக்சல், உயரம் 3600 பிக்சல். நடுமடிப்பு 5400இல் விழும். ஒவ்வொரு பக்கமும் 5400×3600, அதாவது சரியாக 3:2. கேமராவில் எடுக்கும் படமும் பெரும்பாலும் 3:2தான். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000×4000 படம், ஒரு முழுப் பக்கத்தை அளவு கூட்டாமலே நிரப்பிவிடும்.

இடப்பக்கம் முழுவதும் தாலி கட்டும் படம். வலப்பக்கத்தில் மாலை மாற்றுதல், கன்னிகாதானம், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என நான்கு கட்டங்கள். சடங்குகளின் வரிசை வீட்டுக்கு வீடு மாறும். கட்டங்களை வரையும் முன்பே அந்த வீட்டாரிடம் வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்தில் நான்கு புறமும் 300 பிக்சல், அதாவது 1 அங்குலம், ஓரம் விடுங்கள். மிச்சம் 4800×3000. கட்டங்களுக்கு நடுவே 60 பிக்சல் இடைவெளி, சுமார் 5 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு கட்டத்தின் அகலம் (4800 − 60) ÷ 2 = 2370, உயரம் (3000 − 60) ÷ 2 = 1470. இந்த 300, 60 என்ற எண்களை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மூன்று பத்தியாக (நெடுவரிசையாக) பிரித்தால் அகலம் 1560, நான்காகப் பிரித்தால் 1155, மூன்று வரிசையாக்கினால் உயரம் 960 என எல்லாமே முழு எண்களாக வரும். 1562.5 போன்ற எண் வந்தால் கட்டத்தின் விளிம்பு ஒரு பிக்சலின் பாதியில் நிற்கும். அந்த ஓரம் மங்கலாகத் தெரியும்.

கைடுகளும் காலிக் கட்டங்களும்

கைடு என்பது அச்சில் வராத உதவிக் கோடு. வியூ மெனுவில் நியூ கைடு லேஅவுட் என்று இருக்கும் (புதிய பதிப்புகளில் கைட்ஸ் என்ற துணைமெனுவுக்குள்). மார்ஜினில் இடது 5700, மற்ற மூன்றும் 300. காலம் (column, அதாவது பத்தி) 2, கட்டர் (gutter, அதாவது இடைவெளி) 60. ரோ 2, கட்டர் 60. அகலம், உயரம் பெட்டிகளைக் காலியாக விட்டால் அதுவே பிரித்துக்கொள்ளும். எண்ணுக்குப் பின் பிக்சல் அலகு இருக்கிறதா என்று பாருங்கள். அங்குலமோ சென்டிமீட்டரோ நின்றால் கைடுகள் எங்கேயோ போய்விடும். பிறகு நியூ கைடு கொடுத்து, செங்குத்தாக 5400இல் மடிப்புக் கோடு ஒன்று போடுங்கள். மடிப்புக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, பின்பு லேஅவுட் பெட்டியில் 'கிளியர் எக்சிஸ்டிங் கைட்ஸ்' டிக்கை எடுக்காமல் விட்டால் அந்தக் கோடு அழிந்துவிடும்.

இப்போது ரெக்டாங்கிள் டூலை எடுத்து ஷீட்டில் ஒரு முறை கிளிக் செய்தால் அளவு கேட்கும். 2370, 1470 கொடுங்கள். ஃபில் சாம்பல் நிறம், ஸ்ட்ரோக் வேண்டாம். பிராப்பர்ட்டீஸ் பேனலில் எக்ஸ் 5700, ஒய் 300 என்று தட்டினால் கட்டம் தன் இடத்தில் உட்காரும். கன்ட்ரோல்+ஜே கொடுத்து மூன்று நகல் எடுத்து, அவற்றின் எக்ஸ், ஒய் மதிப்புகளை முறையே (8130, 300), (5700, 1830), (8130, 1830) என்று மாற்றுங்கள். கையால் இழுத்து வைப்பதைவிட எண்ணைத் தட்டுவதே மேல். ஒன்றிரண்டு பிக்சல் பிசகு திரையில் தெரியாது. 12 அங்குல உயரத் தாளில் தெரிந்துவிடும்.

மிகப் பழைய பதிப்பில் பிராப்பர்ட்டீஸில் இந்த எண்கள் இல்லையென்றால், மார்க்கீ டூலின் ஸ்டைலை ஃபிக்ஸ்டு சைஸ் ஆக்கி, கைடின் மூலையில் வைத்து, புது லேயரில் நிறம் நிரப்பிக்கொள்ளலாம்.

நான்கு கட்டங்களும் அமைந்ததும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள்: 'வ1 மாலை', 'வ2 கன்னிகாதானம்' என்று. 'ரெக்டாங்கிள் 1 காப்பி 3' என்ற பெயரோடு 40 ஷீட் ஆல்பத்தில் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகத் தேர்ந்து கன்ட்ரோல்+ஜி கொடுத்து அதற்கென ஒரு குரூப் ஆக்குங்கள். கட்ட லேயரில் மட்டும் பொசிஷன் லாக் போடுங்கள். படத்தை நகர்த்தும்போது கட்டம் தவறியும் அசையாது.

படத்தைக் கட்டத்துக்குள் இறக்குதல்

'வ1' கட்டத்தின் லேயரைத் தேர்ந்துகொண்டு, ஃபைல் மெனுவில் பிளேஸ் எம்பெடட் கொடுங்கள். எந்த லேயர் தேர்வில் இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் படம் வந்து உட்காரும். அதனால் இந்தத் தேர்வு முக்கியம். என்டர் தட்டியதும் கன்ட்ரோல்+ஆல்ட்+ஜி: கிளிப்பிங் மாஸ்க் ஆகிவிடும், அதாவது படம் கீழே உள்ள கட்டத்தின் எல்லைக்குள் மட்டும் தெரியும். லேயர் பேனலில் படத்தின் சிறு உருவம் சற்று உள்ளே தள்ளி, கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கும்.

முதல் பத்தியில் ஒழுங்காக வந்த படம் இரண்டாம் பத்தியில் காணாமல் போகும். பலரும் திகைத்து நிற்கும் இடம் இதுதான். காரணம் எளிது. பிளேஸ் செய்யும் படம் ஷீட்டின் உயரத்துக்குள் அடங்கும்படி சுருங்கி, ஷீட்டின் நடுவில் வந்து நிற்கிறது. 3:2 படம் என்றால் 5400×3600 ஆகி, 2700 முதல் 8100 வரை பரவும். முதல் பத்திக் கட்டம் 8070இல் முடிகிறது, அதனால் அங்கே படம் தெரியும். இரண்டாம் பத்தி 8130இல்தான் தொடங்குகிறது. படம் அதைத் தொடவே இல்லை. படம் அழியவில்லை, கட்டத்துக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான்.

அதைச் சரியாக நடுவில் கொண்டுவர ஒரு வழி உண்டு. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கட்ட லேயரின் சிறு உருவத்தைக் கிளிக் செய்யுங்கள். கட்டத்தைச் சுற்றித் தேர்வுக் கோடு ஓடும். படத்தின் லேயரைத் தேர்ந்து, மூவ் டூலின் மேல்பட்டையில் கிடைமட்ட நடு, செங்குத்து நடு இரண்டு பொத்தான்களையும் அழுத்துங்கள். படம் கட்டத்தின் நடுவுக்கு வந்துவிடும். கன்ட்ரோல்+டி (D) கொடுத்துத் தேர்வை நீக்கிவிடுங்கள். தேர்வுக் கோடு போடாமல், கட்டத்தையும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்து நடுவாக்காதீர்கள்: போட்டோஷாப் இரண்டுக்கும் பொதுவான நடுவைத்தான் கணக்கில் எடுக்கும்.

அடுத்து கன்ட்ரோல்+டீ (T, டிரான்ஸ்ஃபார்ம்). மூலையைப் பிடித்துச் சுருக்குங்கள். சிசி 2019 முதல் ஷிஃப்ட் அழுத்தாமலே விகிதம் காக்கப்படும். அதற்கு முந்தைய பதிப்புகளில் ஷிஃப்ட் கட்டாயம். பழக்கத்தில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே புதிய பதிப்பில் இழுத்தால் முகங்கள் நீண்டுபோகும். நம் கட்டத்தில் படத்தின் அகலம் 2370 ஆகும்போது உயரம் 1580, கட்டமோ 1470. மேலும் கீழும் நகர்த்த 110 பிக்சல் இடம் கிடைக்கிறது. தலைக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, கீழே வெட்டுவது பெரும்பாலும் நன்றாக அமையும். நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்றால் ஒரு பத்தியின் இரு கட்டங்களையும் சேர்த்து 2370×3000 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே சற்று நேரம் செலவிட்டால் ஷீட்டின் தரமே மாறும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் முகங்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும்; கண்கள் ஒரே மட்டத்தில் வரட்டும். அதற்காகத் தற்காலிகமாக ஒரு கிடைமட்ட கைடு போட்டுக்கொள்ளலாம். வலது ஓரக் கட்டத்தில் இருப்பவர் ஷீட்டுக்கு வெளியே பார்க்கிறார் என்றால் அந்தப் படத்தை முதல் பத்திக்கு மாற்றிப் பாருங்கள். படத்தைக் கண்ணாடிபோல் திருப்ப வேண்டாம். சேலை முந்தானை தோள் மாறும், மணமக்கள் இடவலம் மாறிவிடுவார்கள். வீட்டுப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடப்பக்கப் பெரிய படத்தைச் சரியாக 5400இல் நிறுத்தினால் ஒரு சிக்கல் வரும். மடிப்பு 1 மில்லிமீட்டர் விலகினால்கூட, அதாவது சுமார் 12 பிக்சல், அதன் கீற்று மறுபக்கத்தில் தெரியும். படத்தை 5700×3800 ஆக்கி, லேயர் மாஸ்க் (படத்தின் பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) சேர்த்து, 5000இலிருந்து 5650க்குள் கிரேடியன்ட்டால் கரைத்துவிடுங்கள். மடிப்பு எங்கே விழுந்தாலும் உறுத்தாது. மாஸ்க்குக்கும் படத்துக்கும் நடுவே உள்ள சங்கிலிக் குறியை எடுத்துவிட்டால், கரைப்பு நின்ற இடத்தில் நிற்கும், படத்தை மட்டும் நகர்த்தலாம். முகமும் தாலி பிடித்த கையும் மடிப்பிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் 150 பிக்சலாவது தள்ளி இருக்க வேண்டும். ஆல்பம் அச்சிடும் லேப்பில் ஓரம் வெட்டுவார்கள். எவ்வளவு வெட்டுவார்கள் என்பது லேப்புக்கு லேப் மாறும், முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

கரை, நிழல், படம் மாற்றுதல்

வெள்ளைக் கரை வேண்டுமானால் அதைக் கட்ட லேயரின் லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக்காகக் கொடுங்கள், படத்தில் அல்ல. பொசிஷன் இன்சைடு ஆக இருக்கட்டும். அவுட்சைடு என்று வைத்து 10 பிக்சல் கொடுத்தால் இரு பக்கமும் சேர்ந்து 60 இடைவெளி 40 ஆகிவிடும். நிழலுக்கு யூஸ் குளோபல் லைட் டிக் இருந்தால் எல்லாக் கட்டங்களின் நிழலும் ஒரே திசையில் விழும்.

வீட்டார் படத்தை மாற்றச் சொன்னால், அந்த லேயரில் ரைட் கிளிக் செய்து ரிப்ளேஸ் கன்டென்ட்ஸ். புதுப்படம் அதே கட்டத்தில், கரையும் நிழலும் அப்படியே இருக்க வந்து உட்காரும். ஆனால் படம் வைத்து முடித்த குரூப்பைக் கன்ட்ரோல்+ஜே கொடுத்து நகலெடுத்திருந்தால், ஒன்றை மாற்றியதும் நகல்கள் எல்லாமே மாறும். பிளேஸ் செய்த படம் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப் படத்தை உள்ளே வைத்திருக்கும் லேயர்) ஆகிறது, அதன் நகல்கள் ஒரே மூலத்தைப் பகிர்கின்றன என்பதே காரணம். அதற்காகத்தான் காலிக் கட்டங்களை முதலில் நகலெடுத்துவிட்டு, படங்களைப் பிறகு ஒவ்வொன்றாக பிளேஸ் செய்தோம். படத்தோடு நகல் வேண்டுமென்றால் ரைட் கிளிக்கில் நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தைக் கட்டத்தில் வைக்கும் முன் அதன் பிக்சல் அளவைப் பாருங்கள். நீளப் பக்கம் 1600 என்றால் 2370 கட்டத்தில் அது சுமார் 200 பிபிஐ, ஒப்பேற்றலாம். அதையே இடப்பக்கப் பெரிய படம்போல 5700 பிக்சலுக்கு விரித்தால் 84 பிபிஐதான். மாஸ்க்கோ ஃபில்டரோ அதைக் காப்பாற்றாது. மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கிம்ப்பில்

ஃபைல் மெனுவில் ஓபன் அஸ் லேயர்ஸ் (கன்ட்ரோல்+ஆல்ட்+ஓ) மூலம் எல்லாப் படங்களையும் ஒரே முறையில் தனித்தனி லேயர்களாக இறக்கலாம். கட்டத்துக்கு, ரெக்டாங்கிள் செலக்ட் டூலின் ஆப்ஷனில் இடமும் அளவும் எண்ணாகவே தட்டி, புது லேயரில் நிறம் நிரப்புங்கள். கட்டத்தையும் படத்தையும் ஒரு லேயர் குரூப்பில் போட்டு, மேலே உள்ள படத்தின் காம்போசிட் மோடை கிளிப் டு பேக்டிராப் ஆக்குங்கள் (2.10 முதல் உண்டு). குரூப்பின் மோடு நார்மலாக இருக்க வேண்டும். பாஸ் த்ரூ ஆக இருந்தால் ஷீட்டின் பின்னணியும் கணக்கில் சேர்ந்து, படம் கட்டத்தைத் தாண்டி வழியும். 2.10இல் ஒரு லேயரைச் சுருக்கிவிட்டுத் திரும்பப் பெரிதாக்கினால் தெளிவு போய்விடும்; அதனால் மூல அளவில் ஒரு நகலை மறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

லேப்புக்கு அனுப்பும் முன்

லேயர்கள் உள்ள பிஎஸ்டி கோப்பைச் சேமித்துவிட்டு, ஜேபெக்கை நகலாகத் தனியே எடுங்கள்: தரம் 12, 300 பிபிஐ, லேப் வேறு எதுவும் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பு. பிஎஸ்டியில் ஃப்ளாட்டன் செய்து (எல்லா லேயரையும் ஒன்றாக்கி) சேமித்துவிட்டால் இவ்வளவு நேரம் பிரித்து வைத்த பலனெல்லாம் போய்விடும். இந்த அளவு ஷீட் லேயர் இல்லாமலே 111 மெகாபைட் வரும். எம்பெட் செய்த படங்கள் சேரச் சேரக் கோப்பு கனக்கும். 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டியாகச் சேமிக்க முடியாது, பிஎஸ்பி வடிவம் வேண்டும். பிளேஸ் லிங்க்டு கொடுத்தால் கோப்பு இலகுவாக இருக்கும். ஆனால் படங்கள் உள்ள ஃபோல்டரை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்.

ஜேபெக்கைத் திறந்து 10800×3600 இருக்கிறதா என்று பாருங்கள். 100 சதவீத அளவில் ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் போய் வாருங்கள். படம் கட்டத்தை முழுதாக மூடாமல் விட்ட சாம்பல் கீற்று ஏதாவது இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். கோப்புப் பெயரை 01, 02 என்று இரட்டை இலக்கத்தில் வையுங்கள். 1, 2 என்று வைத்தால் பல கணினிகளில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும், ஷீட்டுகள் வரிசை மாறி அச்சாகும்.