டேங்க் அலாரத்தை இதழுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்புவது: படிப்படியாக

சர்க்யூட் மேசையில் வேலை செய்கிறது. அடுத்து அதை ஓர் எலக்ட்ரானிக்ஸ் இதழுக்கு எழுதி அனுப்பப் போகிறீர்கள். எங்கெங்கே சறுக்கும் என்பதை ஒரு சின்ன எடுத்துக்காட்டோடு பார்ப்போம்: மொட்டைமாடி டேங்க் நிரம்பியதும் கத்தும் அலாரம். ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவு எளிய சர்க்யூட்டிலேயே கட்டுரை கெட்டுப்போக எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மனதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை முன்பின் தெரியாத ஒருவர், உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல், அச்சில் வந்த பக்கங்களை மட்டும் பார்த்து இதைச் செய்து முடிக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. இதழைத் தேர்ந்தெடுங்கள்

டில்லியிலிருந்து 1969 முதல் வெளிவரும் எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ, நெதர்லாந்தில் பிறந்த எலக்டர், ஆஸ்திரேலியாவின் சிலிக்கன் சிப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடை உண்டு. ஐரோப்பிய இதழ்களில் 4.7 கிலோ ஓமை 4கே7 என்று போடுவார்கள். அச்சில் புள்ளி தேய்ந்துபோனால் 4.7 என்பது 47 ஆகிவிடும், 4கே7 ஆகாது. டிரான்சிஸ்டரைச் சில இதழ்கள் அதன் முதல் எழுத்தாலேயே, டி1 என்று குறிக்கும். அமெரிக்க வழக்கில் அது க்யூ1.

நீங்கள் தேர்ந்தெடுத்த இதழின் கடைசி மூன்று பிரதிகளை எடுங்கள். உங்கள் சர்க்யூட் அளவே உள்ள ஒரு கட்டுரையில் எத்தனை சொற்கள், எத்தனை படங்கள், எத்தனை அட்டவணைகள் என்று எண்ணுங்கள். அதுதான் உங்களுக்கு அளவுகோல். நம் டேங்க் அலாரம் ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது. அதை ஐந்து பக்கத்துக்கு இழுக்க வேண்டாம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவும் கூடாது.

2. படத்தைப் பார்த்து இன்னொன்று செய்யுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன.

சர்க்யூட் இப்படி: பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சுவிட்ச் எஸ்1. சுவிட்சுக்குப் பிறகு 10 கிலோ ஓம் ஆர்1 வழியாக டேங்கின் முதல் கம்பிக்கு. டேங்கின் இரண்டாவது கம்பி க்யூ1 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள்). பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம் ஆர்2. அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் சி1. எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. பஸ்ஸரின் சிவப்புக் கம்பி சுவிட்சுக்குப் பின்னுள்ள பிளஸ்ஸில், கறுப்புக் கம்பி கலெக்டரில். தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் பேஸுக்குக் கரண்ட் போகும், பஸ்ஸர் கத்தும்.

இதில் சி1 எதற்கு? மேசையில் 20 சென்டிமீட்டர் ஒயரை வைத்துச் சோதிக்கும்போது அது தேவையே இல்லை. ஒயர் 10, 15 மீட்டருக்கு மேலே போய், மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் இறங்கும்போதுதான் வினை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் காலி டேங்கிலும் பஸ்ஸர் முனகும். மாடியிலேயே ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்துச் சரிசெய்துவிட்டு, படத்தில் சேர்க்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். கருவி சரியாக ஓடும், படம் தவறாக இருக்கும், வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஆகவே முதல் கருவியை எடுத்து ஓரமாக வையுங்கள். சர்க்யூட் படத்தை அச்செடுத்து, அதை மட்டும் பார்த்து ஒரு ஜெனரல் பர்பஸ் பிசிபியில் (வரிசையாக ஓட்டைகள் போட்ட பொதுவான போர்டு) இன்னொன்றைச் செய்யுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் சால்டர் செய்ததும் தாளில் அந்தக் கோட்டின்மேல் மஞ்சள் ஹைலைட்டரால் இழுங்கள். மஞ்சள் படாத கோடு மிஞ்சினால் போர்டில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். போர்டில் ஒயர் இருந்து தாளில் கோடு இல்லையென்றால் படம் தவறு. சர்க்யூட்டை இதற்குமுன் பார்க்காத நண்பர் ஒருவரைச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கட்டுரையில் நீங்கள் எழுத மறந்த ஒரு வரி.

3. சர்க்யூட் படம்

படம் வரைய கிகேட் என்ற மென்பொருள் இலவசம், போதுமானது. பிளஸ் கோடு மேலே, மைனஸ் கீழே. உள்ளே வரும் சிக்னல் இடப்பக்கம், பஸ்ஸர் வலப்பக்கம். கோடுகள் சேரும் இடத்தில் புள்ளி வையுங்கள். நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் கூட்டல் குறிபோல் சந்திக்க விடாதீர்கள்: அச்சில் புள்ளி மங்கினால் அது இணைப்பா, ஒன்றைத் தாண்டி ஒன்று போகிறதா என்று தெரியாது. ஒரு கோட்டைச் சற்றுத் தள்ளி இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கிகேடிலேயே இருக்கும் மின்விதிச் சோதனையை (இணைப்புத் தவறுகளைத் தேடுவது) ஓடவிட்டு, வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

பிரெட்போர்டில் வண்ண ஒயர்கள் வளைந்து போகும் படம் பார்க்க அழகுதான். அதைக் கூடுதலாக அனுப்பலாம். சர்க்யூட் படத்துக்கு அது ஈடாகாது.

4. பாகங்களின் பட்டியல்

ஆர்1: 10 கிலோ ஓம், கால் வாட், 5 சதவீதம் – 1
ஆர்2: 100 கிலோ ஓம், கால் வாட், 5 சதவீதம் – 1
சி1: 0.1 மைக்ரோஃபாரட், செராமிக் – 1
க்யூ1: பிசி547பி, என்பிஎன் டிரான்சிஸ்டர் – 1
பிஇசட்1: பியெசோ பஸ்ஸர், ஆக்டிவ் வகை, 9 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காதது – 1
எஸ்1: ஆன்-ஆஃப் சுவிட்ச் – 1
9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப் – தலா 1
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி அல்லது போல்ட் – 2
இரட்டை ஒயர் – தேவையான நீளம்

இந்தப் பட்டியலில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, 'ஆக்டிவ்' என்ற சொல். அதை விட்டால் வாசகர் பாஸிவ் பஸ்ஸரை வாங்கி வருவார். அதற்குள் ஒலிக்கான துடிப்பை உண்டாக்கும் ஆசிலேட்டர் கிடையாது. 9 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அவர் டிரான்சிஸ்டரை மாற்றுவார், திரும்பச் சால்டர் செய்வார், கடைசியில் உங்களைத் திட்டுவார்.

இரண்டாவது, பிசி547-இன் கடைசி எழுத்து. ஏ வகையின் கெயின், அதாவது பேஸ் கரண்டைக் கலெக்டரில் எத்தனை மடங்காக்கும் என்பது, 110-இலிருந்து 220 வரை. பி வகைக்கு 200-இலிருந்து 450 வரை. தண்ணீர் 47 கிலோ ஓம் அளவுக்குத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 வோல்ட்டில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே விழும் 0.7 போக மிஞ்சும் 8.3 வோல்ட்டை, ஆர்1-உம் தண்ணீரும் சேர்ந்த மொத்தம் 57 கிலோ ஓமால் வகுத்தால் 0.146 மில்லிஆம்பியர். ஆர்2 வழியே போவதைக் கழித்தால் பேஸுக்கு சுமார் 0.139. கெயின் 110 என்றால் கலெக்டரில் 15 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். 20 மில்லிஆம்பியர் கேட்கும் பஸ்ஸர் ஈனமாக அழும். 200 என்றால் 28 கிடைக்கும். ஒரே ஓர் எழுத்தில் இத்தனை இருக்கிறது.

மாற்று டிரான்சிஸ்டர் சொல்வதானால் கால் வரிசையையும் சேர்த்தே சொல்லுங்கள். பிசி547-இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு அதே பிடியில் எமிட்டர், பேஸ், கலெக்டர். '2என்3904-உம் போடலாம்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் திருப்பிப் போடுவார்கள்.

5. அளந்த எண்கள்

'ஆன் செய்தால் வேலை செய்யும்' என்று எழுதுவது சோதனை விளக்கமாகாது. மைனஸை ஆதாரமாக வைத்து மல்டிமீட்டரில் அளந்து ஒரு சின்ன அட்டவணை கொடுங்கள். நம் சர்க்யூட்டில் கம்பிகள் உலர்ந்திருக்கும்போது பேஸில் 0 வோல்ட், கலெக்டரில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட்டேஜ். போர் தண்ணீரில் முக்கினால் பேஸில் 0.65-இலிருந்து 0.7 வரை, கலெக்டரில் 0.3-க்குக் கீழே. இது எதிர்பார்ப்பு. அச்சுக்குப் போக வேண்டியது உங்கள் போர்டில் நீங்கள் அளந்தது. பேட்டரி அப்போது 8.7 காட்டியிருந்தால் 8.7 என்றே எழுதுங்கள்.

தண்ணீருக்குப் பதில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கம்பிகளுக்கு நடுவே பிடித்துச் சோதிக்கும் வழியையும் சொல்லுங்கள். வாசகர் மாடிக்கு ஏறும் முன்பே தவறு தெரிந்துவிடும். எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள் என்பதும் வேண்டும். உப்பு நிறைந்த போர் தண்ணீர் நன்றாகக் கடத்தும். ஆர்ஓ தண்ணீரும் மழைநீரும் கடத்துவது மிகக் குறைவு. ஒருவருக்கு அருமையாக ஓடிய அலாரம் இன்னொருவர் வீட்டில் ஊமையாவதற்கு இதுவே காரணம்.

6. எழுத்து

இரண்டு வரியில் கருவி என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்கு வாருங்கள். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கும் முன்னுரையை ஆசிரியர் குழு எப்படியும் வெட்டிவிடும். பிறகு சர்க்யூட் இயங்கும் விதம், செய்யும் முறை, சோதனை, எச்சரிக்கை என்று போகலாம்.

இயங்கும் விதத்தில் ஒவ்வொரு பாகமும் ஏன் என்பது வர வேண்டும். 'ஆர்1 கரண்டைக் கட்டுப்படுத்துகிறது' என்பது அரைகுறை. 'கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் பேஸுக்கு 0.83 மில்லிஆம்பியருக்கு மேல் போகாமல் ஆர்1 தடுக்கிறது. அது இல்லாவிட்டால் 9 வோல்ட் நேராக பேஸில் விழுந்து டிரான்சிஸ்டர் போய்விடும்' என்றால் வாசகருக்குக் கையில் ஏதோ கிடைக்கிறது.

குறைகளை மறைக்காதீர்கள். ஒரே திசையில் போகும் கரண்ட் (டிசி) ஓடுவதால் பிளஸ் பக்கக் கம்பி அரிக்கும். செம்பு என்றால் பச்சை பூக்கும், அதனால்தான் பட்டியலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பிகள் டேங்கின் விளிம்புக்கு அருகில் இருப்பதால் நிரம்பும் நேரத்தில் மட்டுமே நனையும், அரிப்பும் மெதுவாகத்தான் நடக்கும். இதையும் எழுதுங்கள்.

'ஒரு ரிலே சேர்த்தால் மோட்டாரையே நிறுத்தலாம்' என்று கடைசியில் ஒரு வரி போடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. 230 வோல்ட் சம்பந்தப்பட்டதை நீங்களே செய்து, சோதித்து, ஃபியூஸ், பெட்டி, எர்த் எல்லாம் காட்டி எழுத முடிந்தால் எழுதுங்கள். போகிற போக்கில் சொல்லும் விஷயமில்லை அது.

பாகத்தைத் தயாரித்தவர் தரும் டேட்டாஷீட்டிலோ வேறு எங்கோ இருந்து எடுத்த பகுதி இருந்தால் எங்கிருந்து என்று சொல்லிவிடுங்கள்.

7. பிசிபியும் போட்டோவும்

பிசிபி படத்தை 100 சதவீத அளவில் அச்செடுங்கள். பிரின்ட் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' தேர்வாகியிருந்தால் அது சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். 8 கால் ஐசியைத் தாளில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 40 கால் ஐசியில் கடைசிக் கால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், ஓட்டையில் இறங்காது. படத்தின் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். செம்புப் பக்கமா, பாகங்கள் வரும் பக்கமா என்பதையும் படத்தின் கீழே எழுதுங்கள்.

போட்டோவுக்கு ஜன்னல் வெளிச்சமும் ஒரு வெள்ளை சார்ட் தாளும் போதும். ஃபிளாஷ் வேண்டாம், சால்டர் புள்ளிகள் வெள்ளைப் பொட்டாகிவிடும். மொபைலை ஒட்டிப் பிடிக்காமல் சற்று விலகி 2 மடங்கு ஜூமில் எடுத்தால் போர்டு வளைந்து தெரியாது. 85 மில்லிமீட்டர் பத்தியில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 1,004 பிக்சல் அகலம் வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி எடுத்தால் படம் நசுங்கிவிடும்.

8. கோப்புகள்

கட்டுரை ஒரு வேர்டு கோப்பு, படங்கள் தனித்தனிக் கோப்புகள். வேர்டுக்குள் மட்டும் படத்தை ஒட்டி அனுப்பினால் சேமிக்கும்போது அது சுருங்கிவிடும். சர்க்யூட் படம் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி. ஜேபிஜி ஆக்கினால் மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படியும். கோப்புகளுக்குப் படம்1, படம்2 என்று கட்டுரையில் வரும் பெயரையே வையுங்கள்.

ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) சேர்ந்த திட்டமானால் புரோகிராம் தனிக் கோப்பாகப் போகட்டும். வேர்டில் ஒட்டினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறும். வாசகர் அதைத் திருப்பி ஒட்டும்போது 'ஸ்ட்ரே \342' என்ற பிழை வரும். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்பதையும் முதல் வரிகளில் குறியுங்கள்.

9. புரூஃப் வந்தால்

தேர்வானால், அச்சுக்கு முன் பக்கங்களைப் பார்க்கக் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பிழைகளை விடுங்கள், அதைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எண்களை. ஃபான்ட் மாறும்போது ஓம் குறி ஆங்கில டபிள்யூ ஆகிவிடும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 10 கிலோவாட் என்று நிற்கும். மைக்ரோ குறி எம் ஆகி, 0.1 மைக்ரோஃபாரட் 0.1 மில்லிஃபாரடாக மாறும், ஆயிரம் மடங்கு. அடுத்து பஸ்ஸரின் பிளஸ், டிரான்சிஸ்டரின் அம்புக்குறி. பிறகு ஸ்கேலை எடுத்து அந்த 50 மில்லிமீட்டர் கோட்டை அளந்துவிட்டுச் சரி என்று பதில் போடுங்கள்.