புதுப் புத்தகம் வாங்கப் போறீங்களா, சித்த நில்லுங்க

நம்ம கொங்குப் பக்கத்து ஆளுங்க நெறைய பேரு சென்னைல ஜனவரிலயே வந்த புத்தகம் நமக்கு ஜூலைல தான் கெடைக்குதுன்னு பொலம்பறாங்க, எனக்கென்னமோ அது வசதின்னு தான் படுது. தமிழ்ல புதுசு நெறைய சென்னை புத்தகக் கண்காட்சிய ஒட்டி அவசர அவசரமா வரும், அப்ப எல்லாத்தையும் ஆஹா ஓஹோன்னு பேசுவாங்க, ஜூலைல கோயமுத்தூர் கொடிசியா வளாகத்துல, ஆகஸ்ட்ல ஈரோட்லன்னு கண்காட்சி நம்மூருக்கு வர்றதுக்குள்ள அதுல பாதி யாரு வாயிலயும் இருக்காதுங்க. ஆறு மாசம் கழிச்சும் யாராச்சும் பேசிட்டு இருந்தா அது தான் வாங்கோணும். அதனால ஜனவரில இருந்தே போன்ல ஒரு லிஸ்ட் போட்டு வைங்க, புத்தகம் பேரு, யாரு சொல்லித் தெரிஞ்சுது, கதையா கதை இல்லையா, அவ்வளவு போதும். திருப்பூர்ல வருச ஆரம்பத்துலயே நடக்கும், அங்க நான் வேடிக்கை பாக்க மட்டும் தான் போவேன் (பொய், போன தடவ மூணு வாங்கிட்டேன்).

கண்காட்சிக்குப் போனதும் மொத ரவுண்டுல மஞ்சப்பைய மடிச்சு கையிலயே வெச்சுக்கங்க. புது வெளியீடுன்னு அடுக்கி இருக்கறத எடுத்தா மொதல்ல உள்பக்கத்துல பொடி எழுத்துல முதல் பதிப்பு எந்த வருசம்னு பாக்கோணும். அட்டை மட்டும் புதுசா இருக்கும், உள்ள எங்கப்பா அலமாரில இருக்கற அதே கதைங்க, ஒருக்கா அப்படி ஏமாந்திருக்கேன். மொழிபெயர்ப்புன்னா எந்த மொழில இருந்து, நேரடியாவா இல்ல இங்கிலீஷ் வழியாவான்னும் அங்கயே போட்டிருக்கும், போடலைன்னா எனக்கு டவுட்டு தான்.

நாவல்னா பின்னட்டைய நம்பாதீங்க, மொத பக்கத்தையும் நம்பாதீங்க, அத எல்லாருமே செதுக்கித் தான் வெச்சிருப்பாங்க. நடுவுல பிரிச்சு ரெண்டு பேரு பேசற எடமாப் பாத்துப் படிங்க. பேரு போட்டிருக்கற எடத்த வெரல்ல மறைச்சாலும் யாரு பேசறாங்கன்னு தெரியுதான்னு பாருங்க. 2023ல சாகித்திய அகாதெமி விருது வாங்குன தேவிபாரதியோட நீர்வழிப் படூஉம் நம்ம கொங்குச் சனங்க கதை, பேச்சு காதுல எப்படி விழுகோணும்னு தெரிய அத ஒருக்கா படிச்சுட்டுப் போங்க, அப்பறம் சினிமாக் காமெடி மாதிரி வரிக்கு வரி ஏனுங் ஏனுங்னு போட்ட கொங்கு நாவல் கையில வந்தா ரெண்டு நிமிசத்துல கீழ வெச்சிருவீங்க.

கதை அல்லாததுக்கு என்ற வழி வேற. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விசயத்த அதுல தேடுங்க. தமிழ்நாட்டுப் பாசனத்தப் பத்தி ஒரு தடிமனான புத்தகம், விலையும் ஜாஸ்தி, நான் நேரா காலிங்கராயன் வாய்க்காலுக்குப் போனேன், காவேரில இருந்து பிரியுதுன்னு எழுதியிருக்காங்க. பவானி ஆறு காவேரில சேர்றதுக்கு முன்னாடியே அணை கட்டி எடுத்த வாய்க்கால்ங்க அது, எங்கூர்ல சின்னப் பையனக் கேட்டாலும் சொல்லுவான். இதுலயே தப்புன்னா எனக்குத் தெரியாத மத்த எரநூறு பக்கத்த எப்படி நம்பறது? துணைநூல் பட்டியலும் கடைசில சொல்லடைவும் (எந்த விசயம் எந்தப் பக்கத்துலன்னு சொல்ற பட்டியல்) இருக்குதான்னு பாருங்க. அப்பறம் உலக வரலாறு, மனித மனம்னு அகலமா இருக்கறத விட குறுகலா ஒண்ண எடுத்துத் தோண்டுனது தான் பெரும்பாலும் நல்லா இருக்கும். 2024ல அகாதெமி விருது ஆ.இரா. வேங்கடாசலபதியோட திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908ங்கற ஆய்வு நூலுக்குப் போச்சு, தலைப்புலயே ஊரு, ஆளு, வருசம் மூணும் இருக்கு பாருங்க.

அஞ்சு வாங்கறதா இருந்தா நான் ரெண்டு கதை, ரெண்டு கட்டுரை, ஒண்ணு மட்டும் லிஸ்ட்லயே இல்லாதது, சம்பந்தமே இல்லாத சப்ஜெக்ட்டு, அப்படித் தான் எடுப்பேன். பத்து பர்சன்ட் தள்ளுபடி எல்லா ஸ்டால்லயும் ஒண்ணு தான், அதுக்காக அலையாதீங்க.

பில்லு போடறதுக்கு முன்னாடி பக்க நம்பர மட்டும் சரசரன்னு தள்ளிப் பாத்துருங்க. பதினாறு பதினாறு பக்கமா ஃபாரம் சேத்துத் தான் பைண்டிங் பண்றாங்க, ஒரு நாவல்ல எனக்கு 113ல இருந்து 128 வரைக்கும் ரெண்டு தடவ இருந்துச்சு, அடுத்த பதினாறு பக்கத்தக் காணோம், கொலை அதுல தான் நடந்திருக்கும் போல. கடைசி நாள் பொழுதோட வாங்குனது, மறுநாள் மாத்தலாம்னு போனா ஸ்டாலையே பிரிச்சுட்டுப் போயிட்டாங்க.