குரூப் டிலே வரைபடத்தை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறையில் மைக்கை நிறுத்தி ஸ்பீக்கரை அளந்த பின், குரூப் டிலே வரைபடத்தை நிறுத்தக் கடிகாரம் போல வாசிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 50 ஹெர்ட்ஸில் கோடு 90 மில்லி வினாடியைத் தொட்டால், அந்த ஒலி அவ்வளவு பிந்திக் காதை எட்டுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குரூப் டிலே என்பது அதிர்வெண் மாற மாற ஒலியின் கட்டம், அதாவது ஃபேஸ், எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைக் காட்டும் சரிவு மட்டுமே. நேரடி ஒலி ஒன்றே மைக்கை எட்டும்போது அந்தச் சரிவும் ஒலி வந்துசேரும் நேரமும் பொருந்தும். சுவரில் பட்டுத் திரும்பிய ஒலிகளும் கலந்துவிட்டால் பொருந்தாது.

நேரடி ஒலியுடன், அதைவிட 3.43 மீட்டர் கூடுதலாகப் பயணித்து 10 மில்லி வினாடி பிந்தி வரும் ஒரே ஒரு பிரதிபலிப்பு சேர்வதாகக் கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழிப்பதால் அங்கே ஒரு குழி விழும். பிரதிபலிப்பின் அழுத்தம் நேரடி ஒலியில் 0.9 மடங்கு என்றால், குழியின் அடியில் குரூப் டிலே −90 மில்லி வினாடியாக இருக்கும், 1.1 மடங்கு என்றால் அதுவே +110 ஆகிவிடும். இரண்டிலும் குழியின் அடி நேரடி ஒலியைவிட 20 டெசிபல் கீழேதான் இருக்கும். மைக்கைச் சற்றே நகர்த்தினால் தலைகீழாகக்கூடிய இந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை. கழித்தல் குறி வந்ததால் ஒலி புறப்படும் முன்பே வந்துவிட்டது என்றும் பொருள் இல்லை.

இந்த இரு நிலைகளையும் பிரித்துக் காட்டுவது எக்செஸ் குரூப் டிலே, அதாவது அதே அழுத்தக் கோட்டுக்கு இயன்ற மிகக் குறைந்த ஃபேஸ் மாற்றம் (மினிமம் ஃபேஸ்) தரும் குரூப் டிலேயை அளந்ததிலிருந்து கழித்தால் வரும் மிச்சம். முதல் நிலையில் அது பூச்சியம், ஆகவே அங்கே அமைப்பு மினிமம் ஃபேஸ். இரண்டாவதில் 210 மில்லி வினாடி. எக்செஸ் கோடு தட்டையாக இருக்கும் இடமெல்லாம் ஈக்யூவால், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால், சரியாகும் என்று நம்புவது அடுத்த தவறு. கோட்பாட்டின்படி முதல் குழியை நிரப்பலாம். ஆனால் 20 டெசிபல் உயர்த்த ஆம்ப்ளிஃபையர் 100 மடங்கு திறன் தர வேண்டும், அதுவும் அந்த ஓர் இருக்கைக்காக.

அறையின் ஒத்ததிர்வால் எழும் மேடுகளின் கதை வேறு. தனித்து நிற்கும் ஒரு மோடின், அதாவது அறை ஒத்ததிரும் ஓர் அதிர்வெண்ணின், ஒலி 60 டெசிபல் தணிய அரை வினாடி பிடித்தால், அதன் உச்சியில் குரூப் டிலே ஏறத்தாழ 72 மில்லி வினாடி இருக்கும். அதை ஸ்பீக்கரின் டிலே அமைப்பை மாற்றிக் குறைக்க முயல்வது வீண். மேட்டுக்கு ஏற்ற ஈக்யூ வெட்டு கொடுத்தால், உயரமும் இழுவையும் சேர்ந்தே குறையும்.

மில்லி வினாடிகளை அதிர்வெண் பாராமல் ஒப்பிடுவதும் பரவலான பிழை. 25 மில்லி வினாடி என்பது 20 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி, 1000 ஹெர்ட்ஸில் 25 சுழற்சிகள். பிளாவர்ட், லாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978-இல் வெளியிட்ட, குரூப் டிலேயைக் காது கேட்டறியும் வரம்புகளை, 500 ஹெர்ட்ஸுக்கு 3.2, 1000 ஹெர்ட்ஸுக்கு 2 மில்லி வினாடி என்றவாறு, மிகத் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபருக்கும் பொருத்துகிறார்கள். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. அறையின் மீது பழி போடுமுன் கிராஸ்ஓவரையும், அதாவது தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கும் மற்றதை ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் வடிகட்டியையும், கணக்கில் எடுக்க வேண்டும்: 80 ஹெர்ட்ஸில் அமைந்த, ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் இடைவெளிக்கு) 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை, தன் பங்காக அப்பகுதியில் 5.6 மில்லி வினாடி அளவில் சேர்த்துவிடும்.

சப்வூஃபரையும் ஸ்பீக்கரையும் பொதுவான நேரக் குறிப்பு இல்லாமல் தனித்தனியே அளந்து, இரு கோடுகளின் உயர வேறுபாட்டைத் தாமதமாக எடுத்துக்கொள்வதும் செல்லாது. பல இருக்கைகளில் அளந்து அழுத்தத்தை மட்டும் சராசரி எடுத்த கோட்டில் குரூப் டிலேயைத் தேடுவோரும் உண்டு. அந்தச் சராசரியில் ஃபேஸ் தகவலே இருக்காது.