முதலில் கதை, பிறகு கேள்வி

வேற்றுப் பண்பாட்டைச் சேர்ந்தவரிடம் இயேசுவைப் பற்றிப் பேச உட்காரும்போது, 'இரட்சிப்பு', 'பாவநிவாரணம்' போன்ற சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையில் தொடங்குங்கள். பைபிளில் லூக்கா 15-இல் வரும் இளைய மகன் கதை போதும்: தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, கடைசியில் அப்பாவிடம் திரும்புகிறவன் கதை. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாசிக்காதீர்கள், முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

முடிந்ததும் விளக்கவுரைக்குத் தாவிவிடாதீர்கள். (நம்மில் பலருக்கு இதுதான் முடியாத காரியம்.) "இதில் உங்களுக்கு யாரைப் பிடித்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் திகைக்கவைக்கலாம். 1962-இல் நியூ கினித் தீவின் சாவி பழங்குடி மக்களிடம் சென்ற மிஷனரி டான் ரிச்சர்ட்சன், சீடன் யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்ததைச் சொன்னபோது, அவர்கள் யூதாஸையே நாயகனாகக் கொண்டாடினார்கள்! நட்புக் காட்டி ஏமாற்றுவது அன்று அங்கே பெருமைக்குரிய திறமை. சமாதானத்துக்காகத் தன் குழந்தையையே பகைவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் அவர்களிடம் இருப்பதைக் கண்ட பிறகுதான், இயேசுவைக் கடவுள் அப்படி ஒப்படைத்த மகனாகச் சொல்ல அவருக்கு வழி கிடைத்தது.

அடுத்து, கேட்டவரையே கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதை விடுகிறார், எதை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். பன்றியைச் செல்வமாகப் போற்றும் மக்களுக்கு, அந்த மகன் பன்றி மேய்த்தது இழிவாகவே தோன்றாது. யூதர்களுக்குப் பன்றி தீட்டு என்று ஒரு வரி சேர்த்தால்தான் அவன் விழுந்த ஆழம் புரியும். பதிலுக்கு அவர் தன் முன்னோர் கதை ஒன்றை எடுத்தால், உங்கள் அடுத்த கதையைத் தள்ளிவைத்துவிட்டு, இடைமறிக்காமல் கேளுங்கள்.